வீட்டுப் பிறந்தநாளில் குறைந்த செலவில் நடத்தக்கூடிய விளையாட்டுகள்

பத்துப் பன்னிரண்டு குழந்தைகளை வீட்டுக்கு அழைத்துப் பிறந்தநாள் கொண்டாடும்போது, கேக் வெட்டுவதற்குக் கால் மணி நேரமும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரமும் போதும். மாலை ஐந்து மணிக்கு வந்த குழந்தைகளை ஏழரை மணிக்குப் பெற்றோர் வந்து அழைத்துப்போகும்வரை எஞ்சியிருக்கும் ஒன்றே முக்கால் மணி நேரத்தை விளையாட்டுகளைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும். இதற்காகப் பெருந்தொகை கொடுத்து ஆள் அமர்த்த வேண்டியதில்லை. சமையலறையிலும் அலமாரியிலும் உள்ள பொருள்களோடு, சாக்கட்டி, சார்ட் தாள், ஸ்டிக்கர் பொட்டு, பலூன், கடலை மிட்டாய், பென்சில் ஆகியவற்றுக்காக ஏறக்குறைய 300 ரூபாய் ஒதுக்கினால், பத்துக் குழந்தைகளுக்கான விளையாட்டுகளை மனநிறைவோடு நடத்தி முடித்துவிடலாம்.

விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் முதன்மையாகக் கருதுகிறேன்: இந்த ஆட்டத்தில் தோற்கும் குழந்தை அடுத்த பத்து நிமிடம் என்ன செய்யும்? நமக்கு நன்கு பழகிய இசை நாற்காலியில் முதல் சுற்றிலேயே வெளியேறுவது பெரும்பாலும் வயதில் சிறிய குழந்தையாகவோ கூச்ச சுபாவமுள்ள குழந்தையாகவோ இருக்கும். அது சுவரோரமாக உட்கார்ந்து மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகிவிடும். விருந்துக்கு அழைத்த குழந்தையை வெளியே உட்கார வைக்கும் ஆட்டத்தை மாற்றி அமைக்க வேண்டும், மாற்ற முடியாதென்றால் விட்டுவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கீழே சொல்லியிருப்பவை அனைத்தும் அந்த நோக்கில் தெரிந்தெடுத்தவை.

முன்னேற்பாடு

இடத்தை முதலில் பாருங்கள். அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் டீப்பாயையும் நாற்காலிகளையும் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டாலே பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் கிடைத்துவிடும். டைல்ஸ் தரையில் காலுறையோடு ஓடினால் வழுக்கும் என்பதால், குழந்தைகள் வந்தவுடன் செருப்போடு காலுறையையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களிடம் முந்தைய நாளே சொல்லிவிடுவது மரியாதை. அவர்கள் வீட்டுக் குழந்தையையும் அழைத்துவிட்டால் இன்னும் நல்லது. மொட்டை மாடியில் நடத்துவதாக இருந்தால் கைப்பிடிச் சுவரின் உயரத்தைப் பார்த்துக்கொண்டு, பெரியவர் ஒருவரை அங்கேயே நிறுத்தி வையுங்கள்.

பெரியவர்கள் மூன்று பேர் இருந்தால் வேலை எளிது. ஒருவர் ஆட்டத்தை நடத்த, ஒருவர் பாட்டையும் பொருள்களையும் பார்த்துக்கொள்ள, மற்றவர் தண்ணீர் கேட்கும் குழந்தையையும் கழிப்பறைக்குப் போகும் குழந்தையையும் கவனித்துக்கொள்ளலாம். கல்லூரியில் படிக்கும் சித்தப்பா மகனோ அத்தை மகளோ நடத்தினால் குழந்தைகள் உடனே ஒட்டிக்கொள்வார்கள். அழைக்கும்போதே பெற்றோரிடம் நிலக்கடலை, பால் போன்றவற்றில் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுங்கள். பரிசாகக் கடலை மிட்டாய் கொடுப்பதாக இருந்தால் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே கூடாது.

பிறந்தநாள் கொண்டாடும் குழந்தையிடமும் முன்கூட்டியே பேச வேண்டும். தன் பிறந்தநாளில் தானே எல்லாவற்றிலும் வெல்ல வேண்டும் என்று ஐந்து வயதுக் குழந்தை எண்ணுவது இயல்பு. அது நடக்காதபோது வரும் அழுகையை அப்போது அடக்குவது கடினம். பாட்டை நிறுத்துவது, சீட்டு எடுப்பது, பரிசு வழங்குவது ஆகியவை உன் பொறுப்பு என்று சொல்லி வைத்தால், அந்தக் குழந்தை ஆட்டத்துக்கு உரியவனாகவோ உரியவளாகவோ தன்னை உணர்ந்துகொள்ளும்.

குழந்தைகள் வந்து சேரும் நேரம்

எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதில்லை. முதலில் வந்த குழந்தை அரை மணி நேரம் சும்மா உட்கார நேரிடாமல் இருக்க, யார் எப்போது வந்தாலும் சேர்ந்துகொள்ளக்கூடிய ஒன்று வாசலருகிலேயே இருக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் புளியங்கொட்டைகளை எண்ணிப் போட்டு இறுக மூடி, அருகில் தாளும் பென்சிலும் வையுங்கள். உள்ளே எத்தனை இருக்கும் என்று ஊகித்து, பெயரோடு எழுதி ஒரு டப்பாவில் போட வேண்டும். சரியான எண்ணிக்கையை விழாவின் முடிவில் அறிவிக்கலாம். பல்லாங்குழி இரண்டு பேர் மட்டுமே ஆடும் ஆட்டம் என்பதால் கூட்டத்துக்குப் பொருந்தாது என்றாலும், சீக்கிரம் வந்துவிட்ட இருவருக்கு அதைக் காட்டிலும் நல்ல துணை வேறில்லை. அதன் பதினான்கு குழிகளையும் நிரப்பும் வேலையைப் பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் சோழி, கொட்டை, பாசிமணி எதையும் தரைமட்டத்தில் வைக்க வேண்டாம்.

ஓடியாடும் ஆட்டங்கள்

ஓட்டமும் குதிப்பும் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கேக்கும் சமோசாவும் சாப்பிட்டபின் ஓடவிட்டால் வாந்தியில் போய் முடியும்.

இசை நாற்காலிக்கு மாற்றாக நான் பரிந்துரைப்பது வட்ட ஆட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு விழும் ஆபத்து இதில் இல்லை. தரையில் சாக்கட்டியால், ஒரு குழந்தை தாராளமாக நிற்கக்கூடிய வட்டங்களைக் குழந்தைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவாகப் போடுங்கள். பாட்டு ஒலிக்கும்போது எல்லோரும் சுற்றி வர வேண்டும். நின்றவுடன் வட்டத்துக்குள் நின்றுவிட வேண்டும். இடம் கிடைக்காத குழந்தை வெளியேறுவதில்லை, வேறொருவரின் வட்டத்துக்குள் சேர்ந்து நின்றுகொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் ஈரத்துணியால் ஒரு வட்டத்தை அழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் பத்துக் குழந்தைகளும் இரண்டு வட்டத்துக்குள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கால் வெளியே படாமல் நிற்க முயல்வார்கள். இடம் கிடைக்காதவனைத் தள்ளிவிடும் ஆட்டம் இங்கே இடம் கொடுக்கும் ஆட்டமாக மாறிவிடுகிறது. ஈரத்துணி பட்ட இடத்தை உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிட மறக்காதீர்கள். மின்சாரம் நின்றாலும் கவலையில்லை. எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினால் அதுவே பாட்டு.

கொக்கு பற பற ஆட்டத்துக்கு ஒரு பைசா செலவில்லை. நடத்துபவர் ‘கொக்கு பற பற’, ‘கிளி பற பற’ என்று சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று ‘மாடு பற பற’ என்பார். பறக்கும் உயிரினத்துக்கு மட்டும் கையைத் தூக்கி அசைக்க வேண்டும். தவறாகத் தூக்கியவர் வெளியேறாமல் அடுத்த மூன்று பெயர்களைத் தாமே சொல்லட்டும். நெருப்புக்கோழி, வெளவால், பெங்குவின் என்று பெயர்கள் வரத் தொடங்கினால் குழந்தைகளுக்குள் வழக்காடுதல் தொடங்கும். அதை நிறுத்த வேண்டாம். நான்கு வயதுக் குழந்தையும் பத்து வயதுக் குழந்தையும் சேர்ந்து ஆடக்கூடிய ஆட்டங்கள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று.

வட்டமாக உட்கார்ந்து ஆடும் குலை குலையாய் முந்திரிக்காயும் கூடத்துக்குள் அடங்கும். கைக்குட்டையோடு வெளிப்புறமாகச் சுற்றிவரும் குழந்தை யாருடைய முதுகுக்குப் பின்னாவது அதைப் போட்டுவிட்டுப் போக, கண்டுகொண்டவர் எடுத்துத் துரத்த, துரத்தப்படுபவர் அவருடைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். சிறிய கூடத்தில் ஓடுவதற்குப் பதிலாக நொண்டியடித்துத் துரத்த வேண்டும் என்று விதி வைத்தால் மோதல் குறையும். எலுமிச்சம்பழக் கரண்டி ஓட்டத்தில் கரண்டியை வாயில் கவ்வ வைப்பது வழக்கம். ஒரே கரண்டி பல வாய்களுக்குப் போகாமல் இருக்கக் கையிலேயே பிடிக்கச் சொல்லி, இரண்டு அணிகளாகப் பிரித்துத் தொடர் ஓட்டமாக நடத்துங்கள். சின்னக் குழந்தைகளுக்கு எலுமிச்சைக்குப் பதில் குழிக்கரண்டியில் சிறு உருளைக்கிழங்கு.

பலூன் ஆட்டம் என்றால், மின்விசிறியை நிறுத்திய பிறகே தொடங்குங்கள். ஆளுக்கொரு பலூனைத் தரையில் விழாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற எளிய ஆட்டமே போதும். விசிறி ஓடாத கூடத்தில் வியர்க்கும் என்பதால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தொண்டையில் ஊதாத பலூனோ உடைந்த பலூன் துண்டோ அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே பெரியவர்களே ஊதித் தர வேண்டும். உடைந்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும்.

குவளைகளை அடுக்கும் ஆட்டத்துக்குக் காகிதக் குவளைகளை வாங்கச் சொல்பவர்கள் பலர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டுள்ளன. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் அந்தப் பட்டியலில் அடங்கும். காலித் தீப்பெட்டிகளைச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே சேர்த்து வைத்தால், ஒரு நிமிடத்தில் யார் உயரமாக அடுக்குவது என்ற ஆட்டத்துக்கு அவையே போதுமானவை. தீக்குச்சி ஒன்றுகூட உள்ளே இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காகித உறி

கிருஷ்ண ஜெயந்தியின்போது கோயில் தெருக்களில் நடக்கும் உறியடியை வீட்டு அளவுக்குச் சுருக்கினால், அன்றைய விழாவில் குழந்தைகள் அதிகம் விரும்பும் ஆட்டம் அதுவாகவே இருக்கும். இதற்குச் சற்று உழைக்க வேண்டும் என்றாலும், உழைப்புக்கு ஏற்ற பலன் உண்டு.

செய்தித்தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசையால் ஓரங்களை ஒட்டி, தலையணை உறையளவுக்குப் பை போலச் செய்யுங்கள். அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கதவு போல வெட்டி, அதை ஒரே ஒரு சொட்டுப் பசையால் இலேசாக ஒட்டி, அதிலிருந்து நீளமான நூல் ஒன்றைத் தொங்கவிடுங்கள். எத்தனை அடித்தும் பை கிழியாவிட்டால் கடைசியில் அந்த நூலை இழுத்துத் திறக்கலாம். பசை காய ஒரு பகல் ஆகும் என்பதால் முந்தைய நாளே செய்துவிடுவது நல்லது. தாளின் கனம் சரியாக இருக்கிறதா என்று அறிய, சிறிய பை ஒன்றைச் செய்து அடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே மிட்டாய்களைக் கொட்டி நிரப்பாதீர்கள். கொட்டினால் பெரிய பிள்ளைகள் பாய்ந்து அள்ளிக்கொள்வார்கள். நான்கு வயதுக் குழந்தை வெறுங்கையோடு நிற்கும். ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் எழுதிய சிறு காகிதப் பொட்டலத்தில், ஒரு கடலை மிட்டாயும் ஒரு பென்சிலும் வைத்து மடித்துப் போடுங்கள். கீழே சிதறியபின் அவரவர் பெயரைத் தேடி எடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்குத் தெரிந்த குழந்தை தேடிக் கொடுக்கும். இதற்கென்று தனியாக ஒரு விதி தேவைப்படாது.

பையைக் கட்டிய கயிற்றை ஊஞ்சல் கொக்கியிலோ மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கம்பியிலோ போட்டு, மறுமுனையைப் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டு ஏற்றியும் இறக்கியும் ஆட்டம் காட்ட வேண்டும். மின்விசிறியில் எதையும் கட்டித் தொங்கவிடக் கூடாது. அடிப்பதற்கு மரக்கம்பு வேண்டாம். நான்கைந்து செய்தித்தாள்களை இறுக்கமாகச் சுருட்டிச் சணல் கயிற்றால் கட்டினால் அதுவே கோல். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சுத்தமான துண்டால் கண்ணைக் கட்டலாம். சின்னக் குழந்தைகள் கண்ணைத் திறந்தபடியே அடிக்கட்டும். காத்திருப்பவர்கள் நிற்பதற்கு ஆறடி தள்ளிச் சாக்கட்டியால் கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதற்காகவே ஒருவரை நிறுத்துங்கள். ஆளுக்கு மூன்று முறை அடிக்கலாம் என்று வைத்து, வயதில் சிறியவரிலிருந்து தொடங்கினால் எல்லோருக்கும் ஒருமுறையாவது வாய்ப்புக் கிடைத்துவிடும்.

உட்கார்ந்து ஆடுபவை

கேக் வெட்டியபின் குழந்தைகள் சற்று அடங்கியிருப்பார்கள். அந்த நேரத்துக்கு ஏற்றது முகர்ந்து கண்டுபிடிக்கும் ஆட்டம்; ஓட முடியாத குழந்தையும், கண்பார்வை குறைந்த தாத்தாவும் மற்றவர்களுக்குச் சமமாக ஆடலாம் என்பதால் இதன்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பழைய வெள்ளை வேட்டியை உள்ளங்கை அளவு துண்டுகளாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை வைத்து நூலால் முடிந்து, மேலே எண்ணை எழுதுங்கள். சீரகம், ஏலக்காய், கிராம்பு, கசக்கிய கறிவேப்பிலை, வெட்டிவேர், உரித்த பூண்டு, காப்பித்தூள், பெருங்காயக் கட்டி என்று எட்டு முடிச்சுகள் போதும். ஏலக்காயையும் கிராம்பையும் ஒருமுறை தட்டிய பிறகு முடிந்தால்தான் வாசனை துணியைத் தாண்டி வரும். பெருங்காயத்தை மற்றவற்றோடு வைத்துவிட்டால் எட்டு முடிச்சும் பெருங்காயமாகவே மணக்கும்; ஆகவே அதைத் தனி டப்பாவில் மூடி வைத்து, கடைசியாகவே வெளியே எடுங்கள். காப்பித்தூளுக்கும் இது பொருந்தும். மிளகாய்த்தூள், மிளகுத்தூள் இரண்டும் கூடவே கூடாது. கற்பூரத்தையும் தவிர்த்துவிடுங்கள், குழந்தை வாயில் போட்டு விழுங்கிவிட்டால் அது நஞ்சு.

முடிச்சுகளை வட்டத்தில் கைமாற்றி அனுப்பி, அவரவர் தாளில் எண்ணுக்கு நேரே பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பெரியவர் காதில் சொல்லலாம். தினமும் வீட்டுச் சமையலில் இருக்கும் சீரகத்தின் வாசனை பழகியதாக இருந்தும் பெயர் வாயில் வராமல் தவிக்கும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதே ஓர் இன்பம். விடையைச் சொல்லும்போது முடிச்சை அவிழ்த்துப் பொருளைக் காட்டுங்கள்.

தட்டு ஆட்டமும் இவ்வகைதான்: பதினைந்து சிறு பொருள்களைத் தட்டில் பரப்பி ஒரு நிமிடம் காட்டிவிட்டுத் துண்டால் மூடி, நினைவிலிருப்பதைச் சொல்லச் சொல்ல வேண்டும். தனித்தனியாக ஆடாமல் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடினால் சிறிய குழந்தை பின்தங்காது.

பொட்டு வைக்கும் ஆட்டத்துக்குச் சார்ட் தாளில் ஒரு பெரிய முகத்தை வரைந்து குழந்தையின் உயரத்துக்கு ஒட்டி, கண்ணைக் கட்டி, ஒருமுறை மட்டும் மெதுவாகச் சுற்றிவிட்டு, நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொட்டின் பக்கத்திலும் வைத்தவரின் பெயரை எழுதிவிட வேண்டும். மூக்கிலும் காதிலும் பொட்டோடு நிற்கும் அந்த முகத்தைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். படத்தைப் பார்த்துச் சிரிக்கலாமே தவிர, வைத்தவரைப் பார்த்துச் சிரிக்க விடாதீர்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள்

இந்த வயதினருக்குப் பொட்டு வைப்பதும் பலூன் தட்டுவதும் சின்னப் பிள்ளைத்தனமாகத் தோன்றும். பாட்டுக்குப் பாட்டு, பேர்–ஊர்–விலங்கு–பொருள், பேசாமல் நடித்துக் காட்டிக் கண்டுபிடிக்க வைப்பது ஆகியவை அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. தாளும் பென்சிலும் கொடுத்துவிட்டால் தாங்களே நடத்திக்கொள்வார்கள். பெரியவர்களும் சேர்ந்து ஆட வேண்டும் என்றால், வாசிக்கும் எண் தன் சீட்டில் இருந்தால் அதை மூடிக்கொண்டே வரும் தம்போலா பொருத்தமானது. கடையில் விற்கும் சீட்டில் 27 கட்டங்களும், 1 முதல் 90 வரையிலான எண்களுள் பதினைந்தும் இருக்கும். அதை வாங்க வேண்டியதில்லை. தாளில் ஒன்பது கட்டம் போட்டு, பலகையில் எழுதி வைத்த இருபது பழங்களின் பெயர்களில் தமக்குப் பிடித்த ஒன்பதை ஒவ்வொருவரும் நிரப்பிக்கொள்ளட்டும். சீட்டுக் குலுக்கி ஒவ்வொரு பெயராக வாசிக்க, புளியங்கொட்டையை வைத்து மூடிக்கொண்டே வரலாம். காசு வைத்து ஆட வேண்டாம்.

கடைசி ஆட்டமும் பரிசும்

பாட்டு ஒலிக்கும்வரை பொதியொன்றை வட்டத்தில் கைமாற்றி, பாட்டு நின்றதும் கையில் வைத்திருப்பவர் அதன்மேல் சுற்றிய தாளில் ஒரு சுற்றை மட்டும் பிரிக்கும் பார்சல் ஆட்டத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. பொதியின் உள்ளே எல்லோரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஒன்றை, எடுத்துக்காட்டாக ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டையை வைத்துச் செய்தித்தாளால் சுற்றுங்கள். குழந்தைகள் பத்துப் பேர் என்றால் பன்னிரண்டு சுற்றாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே ஒரு மிட்டாயும், ‘பூனைபோல் நடந்து காட்டு’, ‘பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடு’ என்பது போன்ற சீட்டொன்றும் வையுங்கள். யாரையும் வெட்கப்படச் செய்யும் கட்டளை வேண்டாம். செல்லோடேப்பை இறுக ஒட்டினால் சின்ன விரல்களால் பிரிக்க முடியாது. நூலால் ஒரு முடிச்சுப் போதும். பாட்டை நிறுத்துபவர் வழக்கம்போலத் திரும்பி நின்றுகொள்ளாமல், வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து, பொதி இன்னும் பிரிக்காத குழந்தையின் கைக்கு வரும்போது நிறுத்த வேண்டும். இந்த ஆட்டத்தின் நுணுக்கமே இதில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரு சுற்றுக் கிடைத்தபின் மீதமுள்ள சுற்றுகளுக்கு விருப்பம்போல் நிறுத்தலாம்.

வென்றவருக்கு விலையுயர்ந்த பரிசு, மற்றவருக்கு ஒன்றுமில்லை என்ற முறையை வீட்டு விழாவில் நான் ஏற்பதில்லை. வென்றவரின் பெயரைச் சொல்லிக் கைதட்டலாம். கையில் கொடுப்பது எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஒரு பொட்டலமும், ஒரு செடியின் விதைகளைக் கட்டிய காகிதமும் சேர்ந்தால் நல்ல பரிசு. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு மட்டும் பொரி உருண்டை தனியாக எடுத்து வையுங்கள், உறிப் பொட்டலத்திலும் அப்படியே. வாசலில் வைத்த புட்டியின் எண்ணிக்கையை, பெற்றோர் அழைத்துப்போக வரும் நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டு, பரிசைப் பிறந்தநாள் குழந்தையின் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். விருந்தினர் கிளம்பியதும் கூடத்தைப் பெருக்கும்போது சோபாவுக்கு அடியிலும் பாயின் ஓரத்திலும் பலூன் துண்டு, கொட்டை, குண்டூசி எதுவும் கிடக்கவில்லை என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, அதன்பிறகு தவழும் குழந்தையைத் தரையில் விடுங்கள்.